பள்ளிச் சங்கத்துக்குத் தேர்தல் அதிகாரி: நியமிப்பதிலும் சம்பளம் கொடுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் பலவற்றை, ஊர்க்காரர்களோ ஒரு சமுதாயத்தாரோ சேர்ந்து பதிவு செய்த சங்கங்கள்தான் நடத்துகின்றன. தாளாளர் யார், ஆசிரியர் நியமனத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்பதெல்லாம் அந்தச் சங்கத்தின் தேர்தலில் முடிவாகிறது. தேர்தல் வழக்கில் சிக்கினால் அடி சங்கத்தோடு நிற்காது. காலிப் பணியிடத்துக்கு ஆள் எடுக்க முடியாது, எடுத்தாலும் துறை ஒப்புதல் இழுபடும், கடைசியில் ஆசிரியர்களின் சம்பளத்தைக் கல்வித்துறையே நேரடியாக வழங்கும் நிலை வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு ஆசிரியர் இல்லாமல் பரீட்சை எழுதப் போவார்கள். தேர்தல் அதிகாரியை நியமித்த விதமும் அவருக்குப் பணம் கொடுத்த விதமும் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு நல்ல தீனி. (பெற்றோர்கள் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வேறு விஷயம். இங்கே பேசுவது பள்ளியை நடத்தும் சங்கத்தைப் பற்றி மட்டும்.)

முதல் தவறு, காலம் தாழ்த்துவது. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்று இருந்துவிட்டு, காலம் முடிந்த பிறகு அதே குழு தேர்தல் அதிகாரியை நியமித்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்தத் தீர்மானத்தைத்தான். விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்விட்டால், நீதிமன்றமே ஓய்வு பெற்ற நீதிபதியையோ வழக்கறிஞரையோ நியமித்து அவருக்கு ஊதியமும் நிர்ணயிக்கலாம். அந்தத் தொகையைப் பொதுவாகச் சங்கம்தான் கட்ட வேண்டியிருக்கும். ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்தது, நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்று பார்க்காமல் செயலாளரே ஒரு ஆளைப் பிடித்து நோட்டீஸ் ஒட்டிவிடுவது. பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறை, என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். நம் மாவட்டத்தின் பழைய சங்கங்கள் சில 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டப்படி பதிவானவை. அவற்றின் பைலாவில் தேர்தல் அதிகாரி என்ற பேச்சே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுவதுதான் பத்திரம். இன்னொன்று: கையில் இருக்கும் அச்சுப் பிரதியை நம்பாதீர்கள். இடையில் செய்த திருத்தம் பதிவாகாமலே புத்தகத்தில் ஏறியிருக்கும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, அதை வைத்துப் பேசுங்கள்.

ஆள் தேர்வில் நடக்கும் தவறு எல்லோருக்கும் தெரிந்ததே. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, நல்லவர்களும்கூட. ஆனால் அதே பள்ளியில் வேலை பார்த்தவர், சங்கத்தின் வழக்கறிஞர், ஆடிட்டர், வேட்பாளரின் சம்பந்தி என யாரும் வேண்டாம். தக்கலையில் சங்கம் என்றால் நாகர்கோவிலில் இருந்து ஒருவரைக் கூப்பிடுவதில் குறைச்சல் எதுவும் இல்லை. பணியில் இருக்கும் அரசு ஊழியர் வெளி வேலைக்கு ஊதியம் வாங்கத் துறை அனுமதி வேண்டும். அது இல்லாமல் அழைத்தால் அவரையும் சேர்த்து மாட்டிவிடுகிறோம்.

இனி சம்பளம். இங்கேதான் நம்மவர்கள் கூச்சப்பட்டே கெடுக்கிறார்கள். ‘சார், நீங்க பாத்து நடத்திக் குடுங்க, முடிஞ்சதும் மரியாதை செஞ்சிரலாம்’ என்று சொல்லிவிடுவார்கள். முடிந்ததும் கவரை நீட்டுவது யார்? ஜெயித்தவர். தோற்றவர் கண்ணில் அது எப்படிப் படும்? அந்த அதிகாரி எவ்வளவு நேர்மையாக நடத்தியிருந்தாலும் அந்தக் கவர் அவரைக் கெடுத்துவிடும். தொகையை நியமனத் தீர்மானத்திலேயே எழுதுங்கள், வேட்புமனு தொடங்கும் முன்பே, யார் நிற்கிறார்கள் என்று தெரியும் முன்பே. பாதியை நியமனத்தின்போதும், மீதியை அறிக்கை, வாக்காளர் பட்டியல், சீல் வைத்த வாக்குச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒப்படைத்த அன்றும் கொடுக்கலாம். முடிவு அறிவிப்பதோடு பணத்தை முடிச்சுப் போட வேண்டாம். போட்டியின்றித் தேர்வானால் எவ்வளவு, இடையில் தடை உத்தரவு வந்து நின்றுபோனால் அதுவரை செய்த வேலைக்கு எவ்வளவு என்றும் சேர்த்து எழுதுங்கள். இந்த இரண்டு வரி இல்லாமல்தான் பின்னால் மனக்கசப்பு வருகிறது.

ஊதியம் வேறு, செலவு வேறு. வாக்குச்சீட்டு அச்சடிப்பு, மண்டப வாடகை, வீடியோ, உதவியாளர் படி இவற்றை எல்லாம் ‘மொத்தமாக இவ்வளவு’ என்று அதிகாரி கையில் கொடுத்தால், மிச்சம் எங்கே என்ற கேள்வி கண்டிப்பாக வரும். செலவைப் பில்லுக்கு எதிராகச் சங்கமே நேராகக் கட்டட்டும். அவர் வந்து போகும் காரும் மதியச் சாப்பாடும்கூட வேட்பாளர் தயவில் இருக்கக் கூடாது. குலசேகரத்தில் இருந்து வருபவரை ஒரு தலைவரின் வண்டியில் ஏற்றி வந்து இறக்கினால், ஓட்டுப் போட நிற்கிற வரிசை முழுக்க அதைத்தான் பேசும்.

பணம் சங்கத்தின் பொதுக் கணக்கிலிருந்து போக வேண்டும். பள்ளி மானியத்தையோ மாணவர் கட்டணத்தையோ தொடவே கூடாது. வேட்பாளர்களின் டெபாசிட் தொகையை அதிகாரியின் ஊதியமாக ஆக்குவதும் தவறு. எத்தனை பேர் டெபாசிட் இழக்கிறார்களோ அவ்வளவு அவருக்கு லாபம் என்று ஆகிவிடும். காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு நிற்பதில்லை. வழக்கறிஞர் போன்ற தொழில்முறையாளருக்கு ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. பழைய ஆடிட் குறிப்பைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அதிகாரியின் வேலை எது என்று எழுதாமல் விடுவதும் பெரிய தவறு. சண்டை ஓட்டு எண்ணுவதில் குறைவு, வாக்காளர் பட்டியலில்தான் அதிகம். சந்தா பாக்கி உள்ளவர், வளைகுடாவில் இருப்பவர், இறந்தவரின் மகன் என ஒவ்வொரு பெயருக்கும் ஆட்சேபம் வரும். அதைத் தீர்க்கும் கடைசி அதிகாரம் செயலாளரிடமே இருந்தால், வெளியாளுக்குச் சம்பளம் கொடுத்து அழைத்ததற்கு அர்த்தமே இல்லை. வேட்புமனு வாங்கும் மேசையையும் கவனியுங்கள். மூன்று மணிக்கு முடிகிறது என்றால், ஒவ்வொரு மனுவிலும் வாங்கிய நேரத்தை எழுதி, அதிகாரி கையொப்பமிட்டு, ரசீது கிழித்துக் கொடுக்க வேண்டும். மூன்று மணிக்கு வராந்தாவில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தட்டும். இந்தச் சின்னக் காரியம் பல வழக்குகளைத் தடுக்கும்.

முடிவு வந்ததும், புதிய நிர்வாகிகள் யார் என்று தெரிவிக்கும் படிவம் 7-ஐப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு தரப்பும் தனித்தனியாகத் தாக்கல் செய்தால், யார் ஜெயித்தது என்று பதிவாளர் இறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும். 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னதே சேரன்மகாதேவிப் பகுதிப் பள்ளிக் கமிட்டி ஒன்றின் வழக்கில்தான். அதனால் தேர்தல் அதிகாரியின் அறிக்கை, நியமனத் தீர்மானத்தின் நகல், ஊதியம் கொடுத்த வங்கி விவரம், 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிய ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, ஒரு பிரதியைத் தோற்ற அணிக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.