துணையை இழந்த பின் கலியாண நாளை வைத்துக்கொள்வது எப்படி

திவசத்தையும் கலியாண நாளையும் ஒன்றாக்க வேண்டாம். திவசம் திதி பார்த்துச் செய்வது; ஐயர், படையல், உறவினர் என்று அதற்கொரு ஒழுங்கு உண்டு. கலியாண நாளுக்கு அப்படியொரு ஒழுங்கு இல்லாததால், அதை எப்படி வைத்துக்கொள்வது, வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்பதை உயிரோடிருப்பவரே தீர்மானிக்க வேண்டும். பிள்ளைகளோ மாமியோ அல்ல. பூவும் பொட்டும் அவ்வாறே: வைக்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

எந்த நாள் என்பதே இலங்கையின் வடக்கில் வன்னியில் பலருக்குச் சிக்கலாக இருக்கும். தாலி கட்டிய நாள் ஒன்று, எழுத்து எழுதிய நாள், அதாவது கலியாணத்தைப் பதிவு செய்த நாள், இன்னொன்று. 2009 இல் இறுதிப் போரில் இடம்பெயர்ந்தபோது சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் எழுத்து வேறு நாளில் நடந்திருந்தால், தாலி கட்டிய நாளை அன்று பந்தலில் நின்ற மூத்தவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். அல்பமும் போய்விட்டதென்றால், அதற்கு முன்பே கனடாவுக்கோ சுவிசுக்கோ போன உறவினரிடம் விசாரியுங்கள். ஊரிலிருந்து அனுப்பிய கலியாணப் படம் ஒன்றாவது அங்கே இருக்கக்கூடும். கிடைத்த படத்துக்கு அன்று மாலை போடாதீர்கள். மாலை போட்டவுடன் அது திவசமாகிவிடும்.

கூறைச்சேலை மிஞ்சியிருந்தால் அதை வெளியே எடுக்க இதைவிட நல்ல நாள் இல்லை. வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் பல வருடம் கிடக்கும் பட்டு அந்த வரியிலேயே இற்றுப்போகும்.

கோயிலுக்குப் போவதானால் அர்ச்சனையை உங்கள் பெயருக்கும் பிள்ளைகளின் பெயருக்கும் செய்யுங்கள். மோட்ச அர்ச்சனை திதிக்கு இருக்கட்டும். கத்தோலிக்கர் பூசைக் கருத்தைப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. சமையல் இறந்த துணைக்குப் பிடித்ததாக இருக்கட்டும்: குளத்து விராலில் குழம்பு, குரக்கன் புட்டு, எதுவானாலும். வெள்ளிக்கிழமையில் வந்தால் மரக்கறிதான், அதை அவரும் மறுத்திருக்க மாட்டார்.

வைகாசிக் கலியாணங்கள் நம்மிடையே அதிகம். அந்த நாள், முள்ளிவாய்க்காலில் போரின் முடிவில் இறந்தோரை நினைவுகூரும் மே 18 ஐ ஒட்டி வந்தால், வீடுவீடாகத் துக்கம் நிற்கும் வாரத்தில், முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கும் நாட்களில், சாப்பாட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுவது கடினம். ஒரு கிழமை தள்ளி வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கு மேற்சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அவர்களில் பலருக்கு அது இறந்தவரின் கலியாண நாள் அல்ல, இன்னும் வராதவரின் கலியாண நாள். அப்படியான வீட்டுக்குப் போகிறவர்கள் விளக்கு, படம், ஆத்மசாந்தி என்ற பேச்சை எடுக்காமல், மற்ற நாட்களில் போவதுபோலப் போய், அவர் அந்த நாளைத் தானாகச் சொன்னால் மட்டும் அதைப் பற்றிப் பேசுங்கள்.