தேவாங்கையும் சோலாகிளியையும் சேத்து வச்சு ஒப்பிடுறது எப்படி

திண்டுக்கல் மாவட்டத்துல ரெண்டுமே இருக்கு. கீழ அய்யலூர், அத ஒட்டி கரூர் மாவட்டத்துல இருக்கற கடவூர் பக்கம் முள்ளுக்காட்டுல தேவாங்கு, 2022ல 11,806 ஹெக்டேர்ல சரணாலயமே அறிவிச்சாங்களே அதே ஏரியாதான். மேல கொடைக்கானல் சோலைல, அதாவது மலை மேல இருக்கற அடர்ந்த குளிர்க்காட்டுல, வெள்ளை வயிறு சோலாகிளி, பேர்லதான் கிளி, மத்தபடி பாட்டு பாடுற சின்ன நீலக்குருவி.

முதல்ல வனத்துறை பர்மிஷன் வாங்குங்க, ராத்திரி காட்டுக்குள்ள சும்மா நுழைய முடியாது.

தேவாங்க கண்ணாலதான் தேடணும். இருட்டினதும் ஹெட்லைட்ல சிவப்பு கண்ணாடிப் பேப்பர ஒட்டிக்கிட்டு மெதுவா நடந்தா உசிலை, வேல மரக்கிளைல ரெண்டு கண்ணு பக்கத்து பக்கத்துல ஆரஞ்சா மின்னும், தரைல மின்னுச்சுன்னா அனேகமா பக்கிக்குருவி, அது தரைல உக்கார்ற ராத்திரிப் பறவை. வெள்ளை லைட்ட மூஞ்சில அடிக்காதீங்க ப்ளீஸ், ராத்திரில பாக்கறதுக்குன்னே இருக்கற கண்ணு அது.

சோலாகிளிக்கு காதுதான் வேணும். விடியறதுக்கு முன்னாடியே சோலை ஓரத்துல போய் உக்காந்துடுங்க, புதருக்கு அடில இருந்து விசில் மாதிரி நீளமா பாடும், ஆள் கண்ணுல படறது அதிர்ஷ்டம். போன்ல பாட்ட போட்டு வரவழைக்கிற வேலை வேணாம், அது தன் எல்லைக்குள்ள வேற ஆண் வந்துடுச்சுன்னு நெனச்சு தீனிய விட்டுட்டு சண்டைக்கு வரும்.

இப்ப ஒப்பிடுற விஷயம். நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க. தேவாங்க ஒரு கிலோமீட்டர் நடைக்கு எத்தனைன்னு எண்ணுவோம், குருவிய ஒரே எடத்துல நின்னு பத்து நிமிஷத்துல எத்தனைன்னு எண்ணுவோம், இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சு எது அதிகம்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. அதுக்கு பதிலா மரக்கூட்டங்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளிய பாருங்க. தேவாங்கால தாவ முடியாது, கிளைய புடிச்சு புடிச்சுதான் போகும், அதனால ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கிளை தொடலன்னா தரைல எறங்கும், வண்டில அடிபடும். சோலாகிளிக்கு ரெக்கை இருந்தும் சோலை நிழல விட்டு வெளிய வர தயங்கும், நடுவுல தைலமரமோ சீகை மரமோ (வாட்டில்) நட்டுட்டா அந்தப் பக்கம் இருக்கற சோலை அதுக்கு வேற ஊரு. பாலக்காட்டு கணவாய்க்கு வடக்க இருக்கறதே தனி இனமா பிரிஞ்சிருக்கு, பாட்டும் வேற.

அதனால நோட்டுல ரெண்டுக்கும் ஒரே மாதிரி கட்டம் போடுங்க: பக்கத்து மரக்கூட்டம் எவ்ளோ தூரம், நடுவுல என்ன இருக்கு. ஆறு மாசம் கழிச்சு அதே எடத்துல திரும்ப எழுதுங்க.

தேவாங்கு போட்டோவ லொகேஷனோட போடவே போடாதீங்க, மாந்திரீகம், நாட்டு வைத்தியம்னு புடிக்கறவங்க இருக்காங்க.