விமானப் பயண நேரம்: ஒரு மனக்கணக்கு

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் தெரிந்தால் போதும், பறக்கும் நேரத்தை நாமே போட்டுவிடலாம். பெரிய ஜெட் விமானங்கள் உயரே போனபின் மணிக்கு ஏறக்குறைய 850 கி.மீ. வேகத்தில் செல்லும். தூரத்தை 850ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேருங்கள். 1,700 கி.மீ. என்றால் இரண்டரை மணி நேரம்.

தூரத்தை மட்டும் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அதுதான் குறுக்குவழி. நியூயார்க்கிலிருந்து டோக்கியோவுக்குப் பிடித்தால் நூல் அலாஸ்கா மேலே போகும்! முதலில் நம்பவே முடியாது.

அப்புறம் காற்று. லண்டன்–நியூயார்க் தூரம் சுமார் 5,550 கி.மீ. நம் கணக்கில் 7 மணி நேரம். திரும்பி வரும்போது அது சரியாக இருக்கும். போகும்போது உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று எதிர்ப்பதால் 8 மணி நேரம்கூட ஆகும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரங்களைக் கழித்துப் பார்த்தும் ஏமாறாதீர்கள். காலை 11க்கு லண்டனில் கிளம்பி, மதியம் 2க்கு நியூயார்க்கில் இறங்கலாம். மூன்று மணி நேரப் பயணம் அல்ல. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நடுவில் 5 மணி நேர வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.