உட்கருவை எண்ணும் முன் இசட் அளவைப் பாருங்கள்

பெங்களூரில் ஐஐஎஸ்சியிலோ, ஜிகேவிகே வளாகத்து என்சிபிஎஸ் உயிரியல் ஆய்வு மையத்திலோ ஆய்வுக்கு வரும் நம் பிள்ளைகளுக்குக் மாதிரியை அடுக்கு அடுக்காகப் பிடிக்கும் கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுப்பது சீக்கிரம் கைவந்துவிடும். அந்தப் படத்திலிருந்து நம்பத்தக்க எண்ணை எடுப்பதுதான் கஷ்டம். டாப்பி (டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயம்) இட்ட செல் உட்கருக்களை ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் எண்ணிப் பழகுங்கள். மற்றதெல்லாம் அதன் மேல் ஏறிக்கொள்ளும்.

மைக்ரோஸ்கோப் தந்த மூலக் கோப்பையே வாங்குங்கள்: செய்ஸ் என்றால் சிஇசட்ஐ, லைக்கா என்றால் எல்ஐஎஃப், நிகான் என்றால் என்டி2. ஜேபெக் வேண்டவே வேண்டாம். பிக்சல் மதிப்புகளையே அது மாற்றிவிடும். ஃபிஜியில் இந்தக் கோப்புகளைப் படிக்கும் பயோஃபார்மேட்ஸ் வழியாகத் திறங்கள். 2048×2048 பிக்சல், 100 அடுக்கு, 16 பிட் என்றால் ஒரு சேனலுக்கே (ஒரு நிறத்துக்கே) 800 எம்பி பிடிக்கும். ஒவ்வொரு நகலும் அதே அளவு நினைவகம் கேட்கும். பழகும்போது ஒரு மூலையை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

திறந்த கையோடு இமேஜ் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். பிக்சல் 0.2 மைக்ரோமீட்டர், வோக்சல் டெப்த், அதாவது அடுக்குக்கு அடுக்கு உள்ள இசட் தூரம், 1 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேறு வடிவத்துக்கு மாற்றிய கோப்பில் இந்த டெப்த் பலமுறை தொலைந்துபோகும். 1 இருக்க வேண்டிய இடத்தில் 0.2 இருந்தால், 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை உட்கருவின் கன அளவு 524க்குப் பதில் 105 கன மைக்ரோமீட்டர் என்று வரும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. குறுக்குவெட்டைக் காட்டும் ஆர்த்தகனல் வியூஸ் திறந்து பக்கவாட்டில் பாருங்கள்: எல்லா உட்கருவும் தோசைபோலத் தட்டையாக இருந்தால் டெப்த் தவறு. கொஞ்சம் நீண்டு தெரிந்தால் அது வேறு விஷயம். இசட் திசையில் தெளிவு எப்போதும் குறைவு. நீர்ச்சத்துள்ள மாதிரியை எண்ணெய் லென்ஸால் எடுத்திருந்தால் இன்னும் நீளும்.

அடுத்து, இரைச்சலை மென்மையாக்கும் காசியன் ப்ளர் 3டி. அதில் சிக்மா, அதாவது மங்கலாக்கும் அளவு, பிக்சல் கணக்கில் போகும். இசட் தூரம் பிக்சலைப்போல் ஐந்து மடங்கு என்பதால், எக்ஸ், ஒய்க்கு 2 கொடுத்தால் இசட்டுக்கு 0.4 கொடுங்கள். மூன்றுக்கும் 2 போட்டால் மேலும் கீழும் உள்ள உட்கருக்கள் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு, உட்கருக்களை எண்ணும் 3டி ஆப்ஜெக்ட்ஸ் கவுண்டர். குறைந்தபட்ச அளவை அது வோக்சலில் (முப்பரிமாணப் பிக்சலில்) கேட்கும். நம் உட்கரு ஏறக்குறைய 13,000 வோக்சல். 2,000 என்று தொடங்கினால் தூசும் இரைச்சலும் கழியும். கன அளவு வேண்டுமென்றால் ஓரத்தைத் தொடுபவற்றை விலக்குங்கள், அவை பாதி வெட்டுப்பட்டவை. எந்த ஒளிர்வுக்கு மேல் உட்கரு என்று கொள்வது என்ற த்ரெஷோல்டை முதல் அடுக்கைப் பார்த்து மட்டும் வைக்காதீர்கள். ஆழம் போகப் போக ஒளி மங்கும். கீழே உள்ளவை சத்தமில்லாமல் விடுபடும்.

ஒன்றையொன்று தொடும் உட்கருக்களை இந்தக் கருவி ஒன்றாகவே எண்ணும். நெருக்கமான திசு என்றால், செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் செல்போஸ் மென்பொருளுக்குப் போங்கள். அதில் அனிசோட்ரபி (இசட் தூரம் பிக்சலைப்போல் எத்தனை மடங்கு என்பது) 5 கொடுக்க வேண்டும், 1ஐ 0.2ஆல் வகுத்தால் வருவது அதுதான்.

எந்த வழியானாலும், வெட்டிய ஒரு மூலையில் 30 உட்கருக்களை அடுக்கு அடுக்காகக் கண்ணால் எண்ணி, மென்பொருள் கண்டெடுத்தவற்றைக் காட்டும் ஆப்ஜெக்ட்ஸ் மேப்போடு ஒப்பிடுங்கள். மொத்தம் பொருந்துவது போதாது: இரண்டு ஒட்டி, ஒன்று இரண்டாக உடைந்தாலும் மொத்தம் சரியாகவே வரும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.