டீக்கடையில் புகையை நிறுத்த ஒரு வழி

டீக்கடை, மெஸ் நடத்துபவர்களுக்கு: பொது இடத்தில் புகைபிடிப்பதற்கு நம் நாட்டில் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. இது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். பலருக்குத் தெரியாதது, 2008 விதிகளின்படி கடைக்காரருக்கும் பொறுப்பு இருக்கிறது என்பதுதான். நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டால் அபராதம் உங்கள் மேலும் விழும்.

முதல் வேலையாக, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் லைட்டரையும் தீப்பெட்டியையும் ஆஷ்டிரேயையும் எடுத்துவிடுங்கள். அவற்றை வைத்துக் கொடுப்பதே விதிமீறல். நெருப்பு கையில் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் தானாகவே வெளியே போய்விடுவார்கள். வாசலில் 60-க்கு 30 செ.மீ. அளவில் ‘புகை பிடிக்கக் கூடாத பகுதி, இங்கே புகைபிடிப்பது குற்றம்’ என்ற பலகை வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்ற பெயரும் அதில் இருக்கட்டும். மாடி இருந்தால் அங்கேயும் ஒன்று.

அப்புறமும் யாராவது பற்றவைத்தால் சத்தம் போட வேண்டாம். “அண்ணே, எனக்கு ஃபைன் போட்டுடுவாங்க, கொஞ்சம் வெளியே போய்க்கோங்க” என்றால் போதும். சட்டம் பேசினால் சண்டைக்கு வருபவரும் இதற்கு எழுந்துவிடுவார். விட நினைக்கும் வாடிக்கையாளருக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள்.