வேலூரில் விநோதப் படம் தேடுவது எப்படி? பழைய விசிடியிலிருந்து கம்ப்யூட்டர் வரை

பாட்டே இல்லாத தமிழ்ப் படம் 1954-லேயே வந்துவிட்டது, எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்'. வேற்றுக்கிரகத்து ஆட்கள் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகும் எம்.ஜி.ஆர். படம் 'கலையரசி', 1963. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த 'காடு' படத்தில் யானைகளுக்கு ரோமம் போர்த்தி மாமூத் (அழிந்துபோன பழங்கால ரோம யானை) ஆக்கியிருப்பார்கள். இதெல்லாம் பலரும் கேள்விப்பட்டவை. கேள்வியேபடாத படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் வேலை, நடிகர் பெயரை வைத்துத் தேடுவதை விடுங்கள். இயக்குநரைப் பிடியுங்கள். பாலசந்தரைப் பிடித்தால் 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) என்று கை தானாகப் போகும். எம். கர்ணனைப் பிடித்தால் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வருவார். மாயாஜாலப் பட விட்டலாச்சாரியா, மிருகங்களை நடிக்கவைத்த இராம நாராயணன் இருவரும் தனித்தனி உலகம். இதற்கு எனக்குப் பிடித்த கருவி எந்த ஆப்பும் இல்லை, பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு'. மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு வருடத்தை எடுத்து, தெரியாத பெயர்களை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிஸ்க். கடைகளில் வாடகை சிடி காலம் முடிந்துவிட்டது. ஆனால் சரக்கு எங்கேயும் போகவில்லை. பழைய பேப்பர் கடை, காயலான் கடை, எல்லாவற்றையும்விட முக்கியமாக கேபிள்காரர் வீடு. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் லோக்கல் சேனல் ஓட்டியவர்களிடம் பரண்மேல் மூட்டை மூட்டையாக இருக்கும். "அண்ணா, சேனல்ல போட்ட பழைய சிடி ஏதாவது கெடக்குதா?" என்று கேட்டால் போதும், பலர் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள். குடியாத்தம், ஆற்காடு பக்கம் இப்படி எனக்கு நல்ல அறுவடை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருதுப் படங்கள் சேர்ந்து வரும். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்களால் காந்தி ரோடு பக்கம் வங்காள டிஸ்க்கும் கண்ணில் படும். மொழி தெரியாவிட்டாலும் எடுங்கள். மோசர் பேர் கம்பெனி டிஸ்க் கிடைத்தால் கட்டாயம் எடுங்கள். விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்ற அந்தக் காலத்தில், வேறு யாரும் தொடாத படங்களையும் அவர்கள் போட்டார்கள்.

வாங்கும்முன் டிஸ்க்கை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் அந்த இடத்தில் படம் போய்விட்டது. பளபளக்கும் பக்கத்தில் உள்ள கீறல் அவ்வளவு ஆபத்தில்லை. விசிடியில் படம் பதிந்த அடுக்கு, பெயர் அச்சடித்த பக்கத்தில்தான், லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. அந்தப் பக்கம் சுரண்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று: டிஸ்க் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டத்தில் முடிகிறது. விரல் படுவது எப்போதும் வெளி ஓரத்தில். ஆகவே முதலில் கெட்டுப்போவது கடைசிக் காட்சிகள். கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற இடம்! 'பொம்மை' படத்தின் முடிவில் பாலசந்தர் தன் கலைஞர்களை ஒவ்வொருவராகத் திரையில் அறிமுகப்படுத்துவாரே, அது அந்த ஓரத்தில்தான் இருக்கும். துடைக்கும்போது ஈரமான பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

இப்போது காப்பி எடுப்பது. என்னை நிறைய நேரம் பிடித்து வைத்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விசிடியில் எம்பெக்ஏவி (MPEGAV) என்ற ஃபோல்டருக்குள் டேட் (.dat) ஃபைல் ஒன்று இருக்கும். வி.எல்.சி. பிளேயரில் அது ஓடும். ஆனால் சாதாரணமாக காப்பி பேஸ்ட் செய்தால் பாதியில் எரர் வந்து நிற்கும். காரணம் இதுதான்: டேட்டா சிடியின் ஒரு செக்டாரில் (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சின்னத் துண்டு) 2048 பைட் சரக்கு, மீதி இடம் பிழை திருத்தத்துக்கு. விசிடியில் அந்தத் திருத்தத்தை விட்டுக்கொடுத்து 2324 பைட்டுக்கு வீடியோவை அடைத்திருக்கிறார்கள். அதனால் சின்னக் கீறலுக்கே கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக்கும் வடிவம்) ஆக எடுக்கவும் முடியாது, அதில் 2048-க்குத்தான் இடம். ஐஎம்ஜிபர்ன் சாஃப்ட்வேர் வைத்து பின் (.bin), கியூ (.cue) என்று இரண்டு ஃபைலாக எடுங்கள். கீறல் அதிகம் என்றால் ஐசோபஸ்டர்தான் என் தேர்வு. வீடியோ செக்டார்களை மட்டும் வடிகட்டி எம்பெக் ஃபைலாகக் கொடுக்கும். படிக்க முடியாத இடத்தைத் தாண்டச் சொன்னால் தாண்டும். அந்த இடத்தில் படம் ஒரு கணம் கட்டம் கட்டமாக உடையும், அவ்வளவுதான். லினக்ஸ்காரர்களுக்கு நல்ல டிஸ்க்கே எரர் காட்டும், விசிடிஇமேஜர் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய யூஎஸ்பி டிரைவைவிடப் பழைய டெஸ்க்டாப் டிரைவ் நன்றாகப் படிக்கிறது.

டிவிடிக்கு மேக்எம்கேவி போதும், வேறு எதுவும் வேண்டாம். விசிடியிலிருந்து எடுத்ததை 352-க்கு 288 அளவிலேயே வைத்திருங்கள். ஏஐ வைத்துப் பெரிதாக்கினால் முகங்கள் மெழுகாகிவிடும். வீட்டில் பார்க்கத்தான் இது, நெட்டில் ஏற்றாதீர்கள்.

தியேட்டருக்கு ஒரே வழி, வியாழன் இரவு புக்கிங் ஆப். ஒரே ஒரு காலைக் காட்சி மட்டும் கொடுத்திருக்கும் படத்தைப் பாருங்கள். திங்கள்வரை அது இருக்கும் என்று நம்பாதீர்கள், வெள்ளியே போங்கள். சித்தூர் பக்கத்தில் இருப்பதால் தெலுங்குப் படங்களையும் விடாதீர்கள். டிசம்பரில் சென்னைத் திரைப்பட விழா, காட்பாடியில் காலை ரயில் ஏறினால் இரவு திரும்பிவிடலாம்.

பின்சேர்க்கை: டிவியில் பென் டிரைவ் போட்டால் டேட் ஃபைல் தெரியவில்லை என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஃபைல் பெயரின் கடைசியில் டேட் என்பதை எம்பிஜி (.mpg) என்று மாற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேரில் எம்பி4 ஆக்குங்கள். ஒருவர், இரண்டு மொழி ஒன்றாகக் கேட்கிறது என்றார். இடது ஸ்பீக்கரில் ஒன்று, வலதில் ஒன்று என்று பதிந்த டிஸ்க் அது. வி.எல்.சி.யில் ஆடியோ, ஸ்டீரியோ மோட் போய் இடதையோ வலதையோ தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.