சின்னக் கப்பல்ல கிரீஸ் தீவுகள்: முதல் தடவை போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

க்ரூஸ்னு சொன்னதுமே நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது 3,000 பேர் ஏறுற, உள்ளயே கடைத்தெருவும் நீச்சல் குளமும் இருக்கிற அந்த மிதக்குற அபார்ட்மெண்ட்தான். நான் சொல்லப்போறது அது இல்ல. 30 பேர், மிஞ்சிப்போனா 50 பேர் போற குட்டிக் கப்பல், ராத்திரி ஊருக்குள்ளயே கரையை ஒட்டிக் கட்டிப் போட்டுடுவாங்க, நீங்க பாட்டுக்கு செருப்பை மாட்டிட்டு இறங்கி ஹோட்டல்ல சாப்டுட்டு நடந்தே திரும்பி வரலாம். நான் ரெண்டு தடவை போயிருக்கேன், முதல் தடவை தப்புத்தப்பா பிளான் பண்ணி, ரெண்டாவது தடவை கொஞ்சம் புத்தியோட. அந்த ரெண்டுலயும் கத்துக்கிட்டதுதான் இது.

ஸ்டெப் 1: கப்பலைத் தேடாதீங்க, காத்தைப் பாருங்க

எல்லாரும் சாண்டோரினி தீவு போட்டோவைப் பாத்துட்டுதான் ஆரம்பிக்கிறோம், நானும் அப்படித்தான். ஆனா கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவுல இருக்கிற ஏஜியன் கடல்ல ஜூலை, ஆகஸ்ட்ல மெல்டெமின்னு ஒரு வடக்குக் காத்து அடிக்கும். பால்கன் பக்கம் காத்தழுத்தம் அதிகமாவும் துருக்கி பக்கம் கம்மியாவும் இருக்கிறதால வர்றது. வானத்துல ஒரு பொட்டு மேகம் இருக்காது, வெயில் பளிச்சுன்னு அடிக்கும், கடல் மட்டும் பேயாட்டம் ஆடும், அதான் புதுசா போறவங்க ஏமாந்துடுறாங்க. சில நாள் 7, 8 பியூஃபோர்ட் வரைக்கும் போகும், அதாவது மணிக்கு 50-லேருந்து 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலயும். ரொம்ப மோசமானா கோஸ்ட் கார்டு படகு எதுவும் கிளம்பக்கூடாதுன்னு தடை போட்டுடுவாங்க, இதுக்கு அவங்க பாஷைல அப்பகோரெஃப்திகோன்னு பேரு, இந்த வார்த்தை காதுல விழுந்தா பெட்டியைத் திரும்பப் பிரிச்சுடுங்க.

எங்களுக்கு லீவு கெடச்சது ஆகஸ்ட்ல. மைகோனோஸ், சாண்டோரினி எல்லாம் வர்ற சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்து ரூட்டை எடுத்தோம். மூணாவது நாள் கேப்டன் வந்து சாண்டோரினி இல்லைன்னு சொல்லிட்டார். ரெண்டு ராத்திரி சிரோஸ் தீவுல. என் வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார், அவர் அந்த போட்டோவுக்காகவே புதுசா லென்ஸ் வாங்கியிருந்தார் பாவம். ஆனா சிரோஸ்ல எர்மூப்போலின்னு ஒரு ஊர், சைக்ளேட்ஸுக்கே தலைநகரம், நடுத்தெருவே மார்பிள் போட்டு வழுக்கும், 1864-ல கட்டின அப்பல்லோ தியேட்டர் இன்னும் இருக்கு, ரோஜா வாசனையோட லூக்கூமின்னு ஒரு ஸ்வீட், நம்ம அல்வாவுக்கு ஒண்ணு விட்ட தம்பி மாதிரி. கேப்டனுக்கு ரூட்டை மாத்துற உரிமை உண்டுன்னு டிக்கெட் கண்டிஷன்லயே போட்டிருக்கும், அதுக்குப் பணமும் திரும்ப வராது, படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

அதனால கணக்கு இதுதான். சைக்ளேட்ஸ்தான் வேணும்னா மே கடைசி, ஜூன் முதல் பாதி, இல்ல செப்டம்பர் கடைசி. ஜூலை, ஆகஸ்ட்லதான் முடியும்னா ஏதென்ஸ் பக்கத்துல இருக்கிற சரோனிக் வளைகுடா (ஹைட்ரா, போரோஸ், ஏஜினா தீவுகள்), தெற்கு கிரீஸ்ல பெலோபொனீஸ் கரை, இல்ல மேற்குப் பக்கம் அயோனியன் தீவுகள், அங்க காத்து ரொம்பவே சாது. இன்னொண்ணு, சைக்ளேட்ஸ்லயே ஏதென்ஸுக்குத் திரும்புறப்பதான் காத்துக்கு எதிரா வடக்க ஏறணும், வாந்தி எடுக்கிறவங்க பெரும்பாலும் எடுக்கிறது அந்தத் திரும்புற நாள்லதான்.

ஸ்டெப் 2: இப்ப கப்பல்

மோட்டார் செய்லர்னு போட்டிருந்தா பாய்மரம் இருக்கும், ஆனா பாதி நேரம் எஞ்சின்லதான் ஓடும். பாயை விரிச்சு ஓட்டுவீங்களா, எத்தனை மணி நேரம்னு நேரடியா கேளுங்க. கூடவே கேக்க வேண்டியது: ராத்திரி கரைல கட்டுவீங்களா, நடுக்கடல்ல நங்கூரமா? கேபின் எந்த தளம்? தலைசுத்தல் ஆளுங்களுக்கு கீழ் தளத்துல கப்பலோட நடுப்பகுதிதான் நல்லது, ஆட்டம் கம்மி. பின்னாடி கேபின்னா எஞ்சின் சத்தம். முன்னாடி கேபின்னா காலைல அஞ்சு மணிக்கு நங்கூரச் சங்கிலியை இழுக்கிற சத்தம் தலைமாட்டுலயே கேக்கும், ரயில் தண்டவாளத்துல படுத்திருக்கிற மாதிரி. விலை கம்மியா இருக்குன்னு நான் எடுத்தது அதான்.

ஸ்டெப் 3: காசு

சின்னக் கப்பல்ல நிறைய இடத்துல ஹாஃப் போர்டுதான், அதாவது காலை டிஃபனும் இன்னொரு வேளை சாப்பாடும். மிச்ச வேளை நீங்களே கரைல பாத்துக்கணும். எங்களுக்கு புக் பண்ணிக் கொடுத்த ஏஜெண்ட் எல்லாமே அடக்கம்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னார், ஏறினப்புறம் பாத்தா டின்னர் கிடையாது, துறைமுக வரி தனி, டிரிங்க்ஸ் தனி, கைடு தனி, சிப்பந்திகளுக்கு டிப்ஸ் கடைசி நாள் கவர்ல தனி. இது போக 2025 ஜூலைலேருந்து க்ரூஸ்ல வர்றவங்களுக்கு இறங்குற இடத்தைப் பொறுத்து ஒரு வரி, சீசன்ல சாண்டோரினி, மைகோனோஸ்னா தலைக்கு 20 யூரோ. எது அடக்கம் எது இல்லன்னு மெயில்ல எழுதி வாங்கிடுங்க.

ஸ்டெப் 4: விசா

கிரீஸ் ஷெங்கன்ல சேத்தி, அதாவது ஒரே விசால போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள் கூட்டம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம், 6 மாசம் முன்னாடிலேருந்து அப்ளை பண்ணலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடியாவது போடணும், சீசன்ல 15 நாளை நம்பாதீங்க. 30,000 யூரோவுக்கு மெடிக்கல் கவர் இருக்கிற இன்சூரன்ஸ் வேணும். முக்கியமா ரூட்ல துருக்கி ஊர் ஏதாவது வருதான்னு பாருங்க, குஷாதாசி, போட்ரம் மாதிரி. வந்தா ஷெங்கனை விட்டு வெளிய போய் உள்ள வர்றீங்கன்னு அர்த்தம், சிங்கிள் எண்ட்ரி விசா பத்தாது, துருக்கிக்கும் தனியா பாக்கணும்.

ஃப்ளைட்டை கப்பல் கிளம்புற அன்னிக்கே போய் இறங்குற மாதிரி போடாதீங்க. ஒரு நாள் முன்னாடி போங்க, பெட்டி லேட்டா வந்தா கப்பல் உங்களுக்காக நிக்காது.

ஸ்டெப் 5: பெட்டி

பெட்டியே வேணாம், மடிக்கிற துணிப் பை. கேபின்ல பெரிய ட்ராலியை வச்சா நீங்க வெளிய நிக்கணும். பாறைக்கரைல இறங்க ரப்பர் செருப்பு (கடல் முள்ளெலி குத்தினா ட்ரிப்பே காலி), மடாலயங்களுக்குள்ள போக தோளும் முட்டியும் மூடுற டிரஸ், ராத்திரி டெக்ல குளிருக்கு ஒரு ஜாக்கெட், ரெண்டு உருண்டைப் பின் இருக்கிற ஐரோப்பா அடாப்டர். தலைசுத்தலுக்கு நம்ம ஊர் மருந்துக்கடைல கிடைக்கிற மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போங்க, கப்பல் ஆட ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல, கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். என் அக்கா இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் கொண்டு வந்தா, ரெண்டாம் நாள் அந்தக் கப்பல்ல ஜெர்மன்காரங்க முதற்கொண்டு எல்லாரும் அவகிட்டதான் கை நீட்டினாங்க.

ஸ்டெப் 6: கப்பலைக் கண்டுபிடிக்கிறது

ஏதென்ஸ் ஏர்போர்ட்லேருந்து 3-வது லைன் மெட்ரோ நேரா பிரேயஸ்ங்கிற துறைமுக ஊர் வரைக்கும் போகுது, சுமார் ஒரு மணி நேரம், பர்ஸை முன் பாக்கெட்ல வச்சுக்கோங்க. ஆனா பிரேயஸ் மெயின் துறைமுகம் பெரிய ஃபெர்ரிகளுக்கு. குட்டிக் கப்பல் நிறைய கிளம்புறது மரினா ஸேயாலேருந்து, அது மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம். டாக்ஸிக்காரர்கிட்ட வெறுமனே துறைமுகம்னு சொன்னா தப்பான பக்கம் இறக்கி விட்டுடுவார், மரினா ஸேயான்னு பேரைச் சொல்லுங்க, எந்த மரினான்னு டிக்கெட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க.

ஸ்டெப் 7: ஏறினப்புறம்

முதல்ல செருப்பைக் கழட்டி கூடைல போடச் சொல்லுவாங்க, நமக்குப் பழக்கம்தான், வெள்ளைக்காரங்கதான் முழிப்பாங்க. லைஃப் ஜாக்கெட் டிரில்லுக்கு ஒழுங்கா நில்லுங்க. டாய்லெட்ல பேப்பரைப் போடக்கூடாது, பக்கத்துல கூடை இருக்கும், கரைலயும் பல இடத்துல அப்படித்தான். கப்பலைப் பின்பக்கம் கரையைப் பாக்க கட்டுவாங்க, முன்னாடி நங்கூரம், நடுவுல ஒரு பலகை, அதுல ஏறும்போது போன் கைல இருக்கக்கூடாது. தினமும் எங்கயாவது ஒரு வளைவுல நிறுத்தி நீந்த விடுவாங்க, நீச்சல் தெரியாதவங்க வெக்கப்படாம மிதவை கேளுங்க.

ஸ்டெப் 8: சின்னக் கப்பலுக்கு ஏன் காசு கொடுத்தோம்ங்கிற இடங்கள்

கொரிந்து கால்வாய் வழியா போற ரூட் கிடைச்சா யோசிக்காம எடுங்க. 6.4 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை, உச்சத்துல 79 மீட்டர், தண்ணி மட்டத்துல அகலம் 25 மீட்டர் கூட இல்ல. ரோமப் பேரரசர் நீரோ கி.பி. 67-ல தோண்ட ஆரம்பிச்சு, அவர் செத்ததும் நின்னு, கடைசில 1893-ல திறந்தாங்க. பெரிய கப்பல் உள்ள நுழையவே முடியாது, 2019-ல 22.5 மீட்டர் அகலத்துக் கப்பல் ஒண்ணை இழுத்துட்டுப் போனதே உலக நியூஸ் ஆச்சு. எங்க கப்பல் உள்ள போனப்ப பேச்சே நின்னுடுச்சு, மேல பாலத்துல லாரி போறது பொம்மை மாதிரி தெரியுது. மண் சரிஞ்சு 2021-ல மூடினாங்க, அப்புறமும் ரிப்பேருக்காக மாசக்கணக்குல மூடியிருக்காங்க, உங்க தேதிக்கு திறந்திருக்கான்னு கேளுங்க.

ஹைட்ரால கார், பைக் கிடையாது, குப்பை வண்டி மாதிரி ஒண்ணு ரெண்டு தவிர. ஃப்ரிட்ஜ்லேருந்து சிமெண்ட் மூட்டை வரைக்கும் கழுதை, கோவேறு கழுதை மேலதான். மோனெம்வாசியா ஒரு பெரிய பாறை, பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற ஒரு கோட்டை ஊர், பேருக்கு அர்த்தமே ஒரே வாசல். அந்த "வாசி" நம்ம வாசல் மாதிரி காதுல விழும், சம்பந்தம் ஒண்ணும் இல்ல, ஆனா எனக்கு அன்னிக்கு பூரா சிரிப்பு.

டெலோஸ் தீவு மைகோனோஸ்லேருந்து படகுல அரை மணி நேரம். கிரேக்கக் கடவுள் அப்பல்லோ பிறந்த இடம்னு நம்பினதால அங்க யாரும் பிறக்கவும் கூடாது சாகவும் கூடாதுன்னு ஏதென்ஸ்காரங்க சட்டம் போட்டு, இருந்த புதைகுழியெல்லாம் தோண்டி பக்கத்துத் தீவுக்கு மாத்திட்டாங்க. இன்னிக்கும் சுற்றுலா வர்றவங்க ராத்திரி தங்க முடியாது. நிழல் சுத்தமா இல்ல, தொப்பி, தண்ணி.

சாண்டோரினில கடல் புகுந்த எரிமலைப் பள்ளம் ரொம்ப ஆழம், அதனால பெரிய கப்பல் தள்ளி நின்னு படகுல ஆளை இறக்கும், அத்தனை பேரும் ஒரே கேபிள் கார் வரிசைல. உங்க கப்பல் சாயங்காலம் அவங்க போனப்புறம் வர்ற மாதிரி இருந்தா பாதி ஜெயிச்சாச்சு.

சாப்பாடு பத்தி

சைவக்காரங்க ஒரு வார்த்தை மனப்பாடம் பண்ணுங்க: நிஸ்டீசிமோ. அவங்க விரதச் சாப்பாடு, கறி, பால், முட்டை இருக்காது. ஆனா கணவாயும் இறாலும் விரதத்துல சேத்தி, அதனால கடல் அயிட்டமும் வேணாம்னு சேத்துச் சொல்லணும், நான் ஒரு தடவை சொல்லாம விட்டு ஆக்டோபஸ் வந்துச்சு. சாண்டோரினி ஃபாவா அப்படியே நம்ம பருப்பு மசியல்தான், மேல வெங்காயம், ஆலிவ் எண்ணெய். கூடவே ஒண்ணு, "நே"ன்னா ஆமான்னு அர்த்தம், இல்லைன்னு இல்ல. இல்லைங்கிறதுக்கு தலையைக் கொஞ்சம் மேல தூக்கி "ச்சு"ன்னு ஒரு சத்தம், அச்சு அசல் நம்ம பாட்டிங்க பண்றது.

கடைசி நாள் காலைல டிஃபன் முடிஞ்சதுமே இறக்கி விட்டுடுவாங்க. ஃப்ளைட் ராத்திரின்னா பையை லாக்கர்ல போட்டுட்டு ஏதென்ஸ்ல குன்று மேல பழைய கோயில்கள் இருக்கிற அக்ரோபோலிஸ் போயிடலாம், அதுக்கு நேரம் குறிச்சுதான் டிக்கெட், சாயங்கால ஸ்லாட்டை கப்பல்ல ஏறுறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல எடுத்து வச்சுடுங்க. மத்தியான ஸ்லாட் வேணவே வேணாம், அந்த மார்பிள் மேல வெயில் கீழேருந்தும் அடிக்கும்.